புது லேப்டாப்பில் வைஃபை அடிக்கடி கட்டாகிறதா? கடைக்குத் தூக்கிச் செல்லும் முன் பார்க்க வேண்டியவை

சமயபுரத்தில் விடுதியில் தங்கிப் பொறியியல் படிக்கும் என் தங்கை மகன் ஒரு நாள் இரவு பத்து மணிக்குப் போன் செய்தான். "மாமு, புது லேப்டாப்புல ஏதோ கோளாறு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நெட் கட்டாகுது. இன்னைக்கு ஆன்லைன் டெஸ்ட் பாதியிலயே போயிடுச்சு" என்றான். குரலில் அழுகை இருந்தது.

அந்த லேப்டாப், என் தங்கை சீட்டு எடுத்து வாங்கிக் கொடுத்தது. வாங்கி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. குறை இருந்தால் ஏழு நாளுக்குள் மாற்றித் தருவோம் என்பது கடையின் நிபந்தனை. கடைக்குப் போன் செய்து கேட்டபோது, "போர்டு போயிருக்கும், கொண்டுவந்து விட்டுட்டுப் போங்க, பதினஞ்சு நாள் ஆகும்" என்றார்களாம்.

எங்களுக்கு இருந்தது இரண்டே நாள். நல்ல லேப்டாப்பைக் கோளாறு என்று நினைத்துக் கொடுத்துவிட்டால் பதினைந்து நாள் படிப்பு போகும், திரும்பி வந்த பிறகும் அதே தொல்லை தொடரும். உண்மையிலேயே கோளாறான லேப்டாப்பை "வைஃபைதானே, போகப்போகச் சரியாகிவிடும்" என்று வைத்திருந்தால் மாற்றித் தரும் காலம் கடந்துவிடும். புது லேப்டாப் வாங்கிய பல வீடுகளில் இந்தக் குழப்பம் வருகிறது. எனவே கோளாறு எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும், சரி செய்வது அதற்குப் பிறகு.

மூன்று கண்ணிகள்

இணையம் நம் லேப்டாப்புக்கு வந்து சேர மூன்று கண்ணிகளைக் கடக்கிறது. ஒன்று, வெளியிலிருந்து வீட்டுக்கோ விடுதிக்கோ வரும் கேபிள். இரண்டு, அதை வாங்கிக் காற்றில் பரப்பும் ரௌட்டர். மூன்று, அந்த அலையைப் பிடிக்கும் லேப்டாப்பின் வைஃபை அட்டையும், அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளும். எந்தக் கண்ணி அறுந்தாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: "நெட் இல்லை". அதனால்தான் பழி எப்போதும் கையில் இருக்கும் லேப்டாப் மீது விழுகிறது.

கட்டாகும் நேரத்தில் திரையின் ஓரத்திலுள்ள வைஃபை குறியைக் கவனியுங்கள். வைஃபை இணைப்பு அப்படியே இருந்து, "இன்டர்நெட் இல்லை" என்று மட்டும் காட்டினால், லேப்டாப்புக்கும் ரௌட்டருக்கும் இடையே உள்ள தொடர்பு நன்றாக இருக்கிறது. பழுது பெரும்பாலும் அதற்கு அப்பால். இணைப்பே விட்டுப்போய், மறுபடி பெயரைத் தேடி இணைகிறது என்றால், பழுது காற்றிலோ லேப்டாப்பிலோ இருக்கிறது.

நான்கு சோதனைகள்

முதல் சோதனை: லேப்டாப்பில் கட்டாகும் அதே நிமிடத்தில், அதே வைஃபையில் இருக்கும் கைபேசியைப் பாருங்கள். கைபேசியின் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அது சத்தமில்லாமல் டேட்டாவுக்கு மாறி நம்மை ஏமாற்றிவிடும். கைபேசியிலும் நெட் இல்லை என்றால் லேப்டாப் மீது குற்றம் இல்லை. ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில், சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியில் 'எல்.ஓ.எஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா என்றும் பாருங்கள். எரிந்தால் ஒளி சமிக்ஞை வந்து சேரவில்லை என்று பொருள். இணைப்பு கொடுத்தவரைத்தான் கூப்பிட வேண்டும்.

இரண்டாவது சோதனை: வேறொரு வைஃபையில் இணைத்துப் பாருங்கள். கைபேசி ஹாட்ஸ்பாட்டும் போதும். ஆனால் சமயபுரம் போன்ற ஊரில் ஓர் எச்சரிக்கை தேவை. பூச்சொரிதல், சித்திரைத் தேர் போன்ற நாட்களில் பெரும் கூட்டம் கூடும். அத்தனை கைபேசிகளும் அதே டவர்களைப் பங்கு போட்டுக்கொள்வதால் டேட்டா மந்தமாகும். அன்று ஹாட்ஸ்பாட்டை வைத்து லேப்டாப்பைச் சோதித்தால் தவறான முடிவுக்கு வருவோம்.

மூன்றாவது சோதனை: சார்ஜர் செருகியபடி ஒரு மணி நேரம், சார்ஜர் இல்லாமல் ஒரு மணி நேரம் பயன்படுத்திப் பாருங்கள். பேட்டரியில் மட்டும் கட்டாகிறது என்றால் காரணம் பெரும்பாலும் மின்சேமிப்பு அமைப்புதான்.

நான்காவது சோதனை: விண்டோஸில் 'கமாண்ட் பிராம்ப்ட்' திறந்து, 'பிங்' என்ற ஆங்கிலச் சொல்லையும் இடைவெளி விட்டு ரௌட்டரின் எண்ணையும் தட்டுங்கள். பல ரௌட்டர்களுக்கு அந்த எண் 192.168.1.1 அல்லது 192.168.0.1. வைஃபை விவரங்களில் 'கேட்வே' என்ற இடத்தில் சரியான எண் இருக்கும். சாதாரணமாக நான்கு பதில்கள் வரும். கட்டாகும் நேரத்தில் ரௌட்டர் பதில் தந்தால் தவறு வெளிக் கேபிளில். ரௌட்டரே பதில் தராவிட்டால் தவறு காற்றிலோ லேப்டாப்பிலோ, சில சமயம் ரௌட்டரிலோ. சில விடுதி, அலுவலக நெட்வொர்க்குகளில் பிங்குக்குப் பதில் தராமல் தடுத்திருப்பார்கள். அங்கே இந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

இவற்றின் முடிவுகளை நேரத்தோடு ஒரு தாளில் குறித்து வையுங்கள். எத்தனை மணிக்கு, எந்த வைஃபையில், சார்ஜருடனா இல்லாமலா என்று எழுதினால் போதும். பின்னால் கடையில் பேச இந்தத் தாள் உதவும்.

விடுதி வைஃபைக்கு மட்டும் உரியவை

விடுதிகளில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போகும் பக்கம் இருக்கும். குறிப்பிட்ட நேரம் ஆனதும் அது தானாக வெளியே தள்ளிவிடும். ஒரே கணக்கில் இத்தனை கருவிகள்தான் என்ற வரம்பும் இருக்கலாம். கைபேசியில் நுழைந்ததும் லேப்டாப் வெளியேறுகிறது என்றால் காரணம் இதுதான். சரியாக முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை என்று கடிகாரம் வைத்தாற்போல் கட்டானாலும் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொன்று நெரிசல். வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. 2.4 சுவரைத் தாண்டித் தூரம் போகும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். புளூடூத் ஹெட்செட்டும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் குறுக்கிடுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம், தூரம் குறைவு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், அறையின் ஓரத்தில் இருக்கும் லேப்டாப் இங்கும் அங்கும் தாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தாவலிலும் ஒரு நொடி அறுந்தால்கூட ஆன்லைன் தேர்வுக்கு அது போதும்.

லேப்டாப்பில் செய்ய வேண்டியவை

பழுது லேப்டாப் பக்கம் என்று தெரிந்தால், கீழே உள்ளவற்றை இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொன்றையும் செய்த பிறகு ஒரு மணி நேரமாவது பயன்படுத்திப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும்.

1. 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்பதன் கீழ் வைஃபை அட்டையின் 'ப்ராப்பர்ட்டீஸ்' செல்லுங்கள். 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதியில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைத்துக்கொள்ள அனுமதி என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதிலுள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'வயர்லெஸ் அடாப்டர் செட்டிங்ஸ்' இருந்தால், பேட்டரிக்கும் 'மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ்' வையுங்கள். சில புதிய மாடல்களில் இந்த வரிகள் தென்படாது. அப்படியானால் அடுத்ததற்குச் செல்லலாம்.

2. டிரைவரைப் புதுப்பியுங்கள். தொழிற்சாலையில் ஏற்றிய டிரைவர் பல மாதம் பழையதாக இருக்கலாம். விண்டோஸ் அப்டேட் மூலமோ, லேப்டாப் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். "எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருட்களைத் தொடாதீர்கள்.

3. அதே 'ப்ராப்பர்ட்டீஸ்' பெட்டியில் 'அட்வான்ஸ்டு' பகுதியில் 'ப்ரிஃபர்ட் பேண்ட்' இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். ரௌட்டர் நம் வீட்டுடையது என்றால், இரண்டு அலைவரிசைகளுக்கும் வெவ்வேறு பெயர் வைப்பது இதைவிட நல்லது.

4. லேப்டாப்போடு வந்த சோதனைக்கால ஆன்டிவைரஸ், விபிஎன் போன்றவற்றைச் சிறிது நேரம் அணைத்துப் பாருங்கள். யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் செருகியிருந்தால் கழற்றிப் பாருங்கள். அதன் மின் இரைச்சல் 2.4 அலைவரிசையைக் கெடுக்கும்.

5. கடைசியாக 'நெட்வொர்க் ரீசெட்'. சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் அனைத்தும் அழிந்துவிடும். முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, ரௌட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்தும் சிக்னல் ஓரிரு கோடுகள்தான் காட்டுகிறது, திரையை அசைக்கும்போது கட்டாகிறது, அல்லது 'டிவைஸ் மேனேஜரில்' வைஃபை அட்டையே காணாமல் போய்த் திரும்பி வருகிறது என்றால், வன்பொருள் கோளாறைச் சந்தேகிக்கலாம். பல லேப்டாப்களில் ஆன்டெனா திரையைச் சுற்றி இருக்கும். அதன் மெல்லிய கம்பி கீல் வழியாக அட்டைக்கு வரும். அது தளர்ந்திருக்கலாம். நீங்களே திறக்காதீர்கள். வாரண்டி மறுக்க அது ஒரு காரணமாகிவிடும்.

கடை மறுத்தால்

குறித்து வைத்த தாள், கட்டாகும்போது எடுத்த வீடியோ, ரசீது ஆகிய மூன்றையும் கொண்டு செல்லுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து, தேதியுடன் ஒப்புதல் வாங்குங்கள். மின்னஞ்சலும் நல்ல சான்றுதான். நியாயமான காரணமின்றி மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கும் பலன் இல்லை என்றால், 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது.

மருமகன் விஷயத்துக்கு வருவோம். மறுநாள் காலையிலேயே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு திருச்சியில் எங்கள் வீட்டுக்கு வந்தான். சார்ஜருடன் இரண்டு மணி நேரம் ஒரு தடவைகூடக் கட்டாகவில்லை. சார்ஜரைப் பிடுங்கிய கால் மணி நேரத்தில் கட்டானது. மின்சேமிப்பு டிக்கை எடுத்தோம், டிரைவரைப் புதுப்பித்தோம். அன்று முழுவதும் பேட்டரியிலேயே ஓடியது. இரவு விடுதியிலிருந்து பேசினான்: "கொஞ்சம் பரவாயில்ல மாமு, ஆனா எல்லாரும் நெட்டுல இருக்குற நேரத்துல ரெண்டு தடவை போச்சு." 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். அதன் பிறகு அந்தப் புகாரும் நின்றது.

ஏழாவது நாள் லேப்டாப் கடைக்குப் போகவில்லை. பாதியில் போன டெஸ்ட்டை மட்டும் திரும்ப எழுத விடவில்லை. மற்ற பிள்ளைகளுக்கு அப்படி நேராமல் இருக்க ஒரு யோசனை: புது லேப்டாப் வாங்கிய அன்றே, சார்ஜர் இல்லாமல் இரண்டு மணி நேரம் வைஃபையில் ஓட்டிப் பாருங்கள். முதல் ஆன்லைன் தேர்வு வரை காத்திருக்க வேண்டாம்.