வரிசையில் ஓர் இடம்

கீழ்பென்னாத்தூரில் ஒரு மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வயது 46. ஞாயிற்றுக்கிழமைகளில் திருவண்ணாமலைக்குப் போய்ப் பறை பழகி வந்தேன். வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான். புது அடி கைக்கு வரும்போது வகுப்பு முடிந்துவிடும். அடுத்த வாரம் போனால் விட்டதைத் தேடிப் பிடிப்பதிலேயே பாதி நேரம் போகும். வீட்டில் அடித்துப் பழகவும் வழியில்லை. எங்கள் தெருவில் பறைச் சத்தம் கேட்டால், எந்த வீட்டில் சாவு என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வந்துவிடுவார்கள். அதனால், செஞ்சிப் பக்கம் ஒரு மாந்தோப்பில் ஒரு வாரம் தங்கிப் பழகும் முகாம் நடக்கப்போகிறது என்று தெரிந்ததும் மண்டியில் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். நடுவயதில் ஆசைக்காக ஒரு வாத்தியத்தைக் கையில் எடுத்த எவரும் ஒருமுறையாவது இப்படிப் போய்த் தங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் நாள் காலை ஆசான் குச்சியைத் தரவில்லை. பறையை மட்டும் கையில் கொடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கச் சொன்னார். பலா, வேம்பு, பூவரசு போன்ற மரத்தில் செதுக்கிய மூன்று வளைந்த கட்டைகளை இரும்புத் தகடு வைத்து இணைத்து வட்டமாக்குகிறார்கள். அதன்மேல் பதப்படுத்திய தோலை இழுத்து ஒட்டுகிறார்கள். ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. இடது தோளில் வாரை மாட்டி, வட்டத்தை உடம்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். இடக்கையில் இருப்பது சுண்டுக்குச்சி. மூங்கிலில் மெல்லிதாகச் சீவியது, ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல். வலக்கையில் இருப்பது அடிக்குச்சி; குட்டையானது, கனமானது. அடிக்குச்சி முழக்கம் தரும், சுண்டுக்குச்சி அதற்கு இடையில் தெறித்து நிரப்பும். புதியவர்களுக்கு வலக்கை சீக்கிரம் படிந்துவிடும், இடக்கைதான் பாடாய்ப் படுத்தும். பறையைத் தாங்கி நிற்கும் அதே கையின் விரல்கள்தான் குச்சியையும் ஆட்ட வேண்டும்.

தோல் ஈரம் வாங்கினால் தளர்ந்து குரல் அடங்கிவிடும். வைக்கோலைக் கொளுத்தி அந்தத் தீயில் காட்டிக் காய்ச்சினால் மறுபடி இறுகும். எவ்வளவு காய்ச்ச வேண்டும் என்பதை விரலால் சுண்டிப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். அதிகமானால் தோல் கிழிந்துவிடும். மழைக்காலத்துக்கென்று ஃபைபர் போட்ட பறைகள் இப்போது வந்துவிட்டன. சத்தம் உரக்கத்தான் வருகிறது, ஆனால் தோலுக்குள்ள அந்த அடிவயிற்று முழக்கம் அதில் இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு ஆசான் எல்லா அடியையும் வாயால் சொல்லவைத்தார். வாயில் வராத அடி கையில் வராது என்பது அவர் கணக்கு. தோப்பைச் சுற்றி நடந்துகொண்டே சொன்னோம், சோற்று வரிசையில் தட்டோடு நின்றபோதும் சொன்னோம். கல்லூரிப் பிள்ளைகள், ஒரு செவிலியர், சென்னையிலிருந்து வந்த கம்ப்யூட்டர் வேலைத் தம்பதி, கட்டட வேலை பார்க்கும் ஒரு தம்பி என்று கலவையான கூட்டம். இரவு ஒரே கூரையின் கீழ்ப் பாய் விரித்துப் படுக்கும்போதும் யாராவது ஒருவர் தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருப்பார்.

தங்கிப் பழகுவதால் காதில் ஒரு மாற்றம் நடக்கிறது. வார வகுப்பில் ஒவ்வொருவருக்கும் தன் பறை மட்டும்தான் கேட்கும். தப்பாமல் அடிக்கிறோமா என்ற கவலை காதை அடைத்துவிடும். முகாமில் காலை முதல் மாலை வரை தோளோடு தோள் நின்று அடிக்கும்போது, கைவலியின் நடுவே அந்தக் கவலை தானாகக் கழன்று போகிறது. பக்கத்தில் நிற்பவரின் அடி கேட்கத் தொடங்குகிறது. அப்புறம் வரிசைக் கடைசியில் நிற்பவருடையதும் கேட்கிறது. பறையை ஆடிக்கொண்டே அடிப்பதால் காலும் இதற்குத் துணை. ஒருவர் அவசரப்பட்டால் எல்லோருடைய காலும் அதை உணரும். ஆசான் அடித்துக் கேட்பார், வரிசை திருப்பி அடித்துப் பதில் சொல்லும். அந்தப் பதில் ஒரே அடியாக விழுந்த மாலையில் நான் அழுதுவிட்டேன். செவிலியர் அக்காவும் அழுதார்.

எனக்குப் பக்கத்தில் நின்றவர் ரமணாசிரமம் பக்கம் தங்கியிருந்த ஓர் அமெரிக்கப் பெரியவர். ஊரில் ஆசைக்கு ஹார்மோனிகா ஊதுபவர். அங்கே ப்ளூஸ் இசைக்கு இதே மாதிரி வார முகாம்கள் வெகுகாலமாக உண்டு. மேற்கு வர்ஜீனியாவில் எல்கின்ஸ் ஊரிலுள்ள அகஸ்டா மையம் ஒன்று. வாஷிங்டன் மாநிலத்துப் போர்ட் டவுன்சென்டில், முன்பு ராணுவக் கோட்டையாக இருந்த ஃபோர்ட் வேர்டன் வளாகத்தில் நடப்பது இன்னொன்று. போர்ட் டவுன்சென்ட் முகாமைச் சில ஆண்டுகள் வழிநடத்தியவர் ஃபில் விக்கின்ஸ் என்ற ஹார்மோனிகாக் கலைஞர். 2024இல் காலமானார். அவருடன் பல்லாண்டு இணைந்து வாசித்த ஜான் செஃபஸ் தச்சுவேலை செய்துகொண்டே கிடார் வாசித்தவர். இம்மாதிரி முகாம்களில் பகலில் வகுப்பு, இரவில் எல்லோரும் கூடி வாசிப்பது என்றும், அந்த இரவுக்காகத்தான் பலரும் வருகிறார்கள் என்றும் பெரியவர் சொன்னார். ஒரு கல்லூரிப் பெண் எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள், அமெரிக்கத் தெற்கின் பருத்திக் காடுகளில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கிய பாட்டு ப்ளூஸ். 1920இல் மேமி ஸ்மித் பாடிய 'கிரேஸி ப்ளூஸ்' இசைத்தட்டு விற்ற வேகத்தைப் பார்த்துத்தான் கம்பெனிகள் கறுப்பினப் பாடகர்களைத் தேடி ஓடின. அதன் கட்டமைப்பு எளிது. நாலு நாலு தாளக்கட்டாக மூன்று வரி, மொத்தம் பன்னிரண்டு. முதல் வரியையே இரண்டாவதாகவும் பாடி, மூன்றாவது வரியில் பதில் சொல்வார்கள். ஒவ்வொரு வரி முடிவிலும் குரல் நின்று வழிவிட, கிடாரோ ஹார்மோனிகாவோ பேசும். பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஹார்மோனிகாவை எடுத்து ஊதிக்காட்ட, ஆசான் ஒரு குச்சியை மட்டும் வைத்துக்கொண்டு அந்த இடைவெளிகளில் பதில் அடித்தார். இருவருக்கும் பொது மொழி ஒன்றும் இல்லை. நள்ளிரவு தாண்டியும் நாங்கள் யாரும் எழுந்து போகவில்லை.

அன்றைக்கு அந்தப் பெரியவர் சொன்ன இன்னொன்று என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. அவர் போன முகாம்களில் கற்றுக்கொடுத்தவர்களில் பலர் கறுப்பினத்தவர். கற்றுக்கொள்ள வந்தவர்கள் பெரும்பாலும் தன்னைப்போல வெள்ளையர்கள் என்றார்.

அது எனக்கும் பொருந்தும். நான் ஊர்ப்பக்கத்தில் பிறந்தவள். பறை எங்கள் தெருவுக்கு வந்தது சாவுக்கும், அம்மனுக்குக் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கும்தான். அடித்தவர்கள் காலனியிலிருந்து வந்து, தெருவோரம் நின்று அடித்துவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையில் அவர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாகத் தொல்காப்பியம் சேர்த்த கருவி இது. அதையே சாதியோடு கட்டி, தீட்டு என்று ஒதுக்கி, அடிப்பது மட்டும் கட்டாயம் என்று வைத்தது நம் ஊர்கள். 1980களிலும் 90களிலும் தலித் இயக்கங்கள் எழுந்தபோது பல ஊர்களில் இனிச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்தார்கள். அதற்காக அடியும் பட்டார்கள். அதே காலத்தில் வேறு சிலர் பறையை மேடைக்குக் கொண்டு வந்தார்கள். திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையை எடுத்தார்கள். ஆண்கள் மட்டுமே தொட்ட கருவி அதுவரை. மதுரை மாவட்டம் அலங்காநல்லூரின் வேலு ஆசான் ஏராளமான இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

எங்கள் ஆசான் என்னைவிட இளையவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அடிக்க மறுத்தவர்களைப் பற்றிக் கேட்டேன். "எங்க தாத்தா அடிச்சாரு. எங்கப்பா குச்சிய ஒடிச்சி அடுப்புல போட்டுட்டாரு. நான் அடிக்கிறேன். மூணும் சரிதாங்க்கா" என்றார்.

சில இடங்களில் சாவுக்கு அடிக்கும் அடியைக் கற்றுக்கொடுப்பதில்லை. அமங்கலம் என்று பயந்து, திருமண மேடைக்கும் பள்ளி ஆண்டுவிழாவுக்கும் ஏற்ற அடிகளை மட்டும் சொல்லித் தருகிறார்கள். இது தவறு. தலைமுறை தலைமுறையாகச் சாவு வீட்டு வாசலில் விடிய விடிய நின்றவர்கள் செதுக்கிய அடி அது. அதை வெட்டிவிட்டு மற்றதை எடுத்துக்கொள்வது அவர்களை இன்னொரு முறை வாசலிலேயே நிறுத்துவதாகும். எங்கள் முகாமில் அதை ஆசானின் பெரியப்பா வந்து சொல்லிக்கொடுத்தார். எழுபதைத் தாண்டியவர். அதிகம் பேசவில்லை. மெதுவாகத் தொடங்கி, கனம் கூடி, ஒரு கட்டத்தில் வேகம் பிடிக்கும் அந்த அடியைத் திரும்பத் திரும்ப அடித்துக் காட்டினார். அவர் மணிக்கட்டு அசைவதே தெரியவில்லை, ஆனால் தோப்பே அதிர்ந்தது. முடிந்ததும் கட்டட வேலைத் தம்பி அவர் காலைத் தொட்டான். பிறகு நாங்களும் தொட்டோம்.

முகாம் முடிந்து ஊருக்கு வந்தபின் எங்களில் சிலர் ஒரு குழுவாக, ஏரிக்கரையில் மாலை நேரத்தில் பழகுகிறோம். கொஞ்ச நாளிலேயே அழைப்புகள் வரத் தொடங்கின. கல்யாண ஊர்வலம், கட்சிக் கூட்டம், பள்ளி விழா. ஆசைக்குப் பழகியவர்கள்தானே, சாப்பாடு போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். நாங்கள் சும்மா போய் அடித்தால், இதையே பிழைப்பாகக் கொண்ட குடும்பங்களின் கூலி அந்த வட்டாரத்தில் இறங்கிவிடும். அதனால் யார் கேட்டாலும் முதலில் ஆசானின் குழு எண்ணைத்தான் கொடுக்கிறோம். அவர்களுக்கு அந்தத் தேதி இல்லையென்றால் மட்டும் நாங்கள் போகிறோம், அவர்கள் வாங்கும் அதே கூலிக்கு, பந்தியில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவோம் என்ற பேச்சோடு. சோமாசிபாடிப் பக்கம் ஒரு காதுகுத்துக்குக் கேட்டவர் கூலியைக் கேட்டுத் தயங்கினார். மறுநாள் ஆசானையே கூப்பிட்டு முழுக் கூலிக்குப் பேசி முடித்துவிட்டார். நாங்கள் அன்று கூட்டத்தோடு நின்று கேட்கப் போகிறோம்.