கம்பங்காடு சாய்வது போல

இளையரசனேந்தல் போன்ற கரிசல் ஊர்களில், பழைய லாரி வில்பட்டையை அருவாளாக அடித்து, செக்கச்செவேலென்று காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்கள். தோய்ச்சல். ‘சுர்’ரென்று அடங்குவதற்குள் எஃகின் அணு அடுக்கு மொத்தமாகச் சரிந்துவிடுகிறது. சரிந்த அடுக்குக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். ஜெர்மானியர் அடோல்ஃப் மார்ட்டென்ஸின் நினைவாக வைத்தது. அருவாளின் கடினம் அதனால்தான்.

நிக்கலும் டைட்டேனியமும் ஏறக்குறைய சரிபாதி கலந்த நிட்டினாலிலும் மார்ட்டென்சைட் உண்டு. ஆனால் அங்கே அது மெத்தென்றிருக்கும், கையாலேயே வளைக்கலாம். வளைத்ததைச் சுடவைத்தால் பழைய வடிவத்துக்கே திரும்பும். 1960-ஐ ஒட்டி, இந்தக் கலவையை உருவாக்கிய வில்லியம் பியூலர் வேலைபார்த்த அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில், மடித்துவைத்த பட்டை ஒன்றை யாரோ லைட்டரால் சுட்டுப் பார்க்க, அது கூட்டத்தின் கண்ணெதிரே நீண்டுகொண்டது.

உள்ளே நடப்பதை எலெக்ட்ரான் நுண்ணோக்கி காட்டுகிறது. உலோகத்தை அமிலத்தில் அரித்து, 100 நானோமீட்டருக்கும் மெலிதாக்கி, குளிர்வித்தபடியே பார்ப்பார்கள். ஓலைப்பாய் முடைந்தாற்போல் வரிவரியாகத் தெரியும். ஒரு வரி இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்தது வலப்பக்கம். அதனால் வெளி வடிவம் கெடாது. எந்த அணுவும் இடம்விட்டு ஓடவில்லை. காற்றில் கம்பங்காடு சாயும்போது பக்கத்துத் தட்டை பக்கத்துத் தட்டையாகவே இருக்குமே, அப்படி. கம்பியை வளைத்தால் ஒரு சாய்வு மற்றதை விழுங்கி வளரும். சூடேற்றினால் எல்லாச் சாய்வுக்கும் நிமிர ஒரே நிலைதான். இதைப் போய் ‘நினைவு’ என்பது எனக்குக் கொஞ்சம் மிகையாகவே படுகிறது. வேறு வழியில்லாமல் வீடு திரும்புகிறது, அவ்வளவுதான்.

அருவாள் ஏன் திரும்புவதில்லை? சுடும்போது அதில் சிக்கியிருந்த கரி அணுக்கள் பிரிந்து தனித் துகள்களாகிவிடுகின்றன. சரிந்த வேகத்தில் அணு வரிசைகளும் ஏகமாய்க் குலைந்திருக்கும்.

நிட்டினாலில் எலெக்ட்ரான்கள் சிதறி விழும் படம் புள்ளிக்கோலம்தான். குளிரும்போது, மார்ட்டென்சைட் வருமுன்னே, புள்ளிகளுக்கு இடையில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் மங்கலாகப் புதுப்புள்ளிகள் முளைப்பதுண்டு. ‘ஆர்’ நிலை என்கிற இடைத்தங்கல் அது. கலவையில் கொஞ்சம் இரும்பு சேர்த்தால் இது தெளிவாகப் பிரிந்து தெரியும். மாற்றம் நடக்கும் வெப்பநிலையும் உறைபனிக்கு வெகு கீழே இறங்கிவிடும்.

அந்த இறக்கம்தான் பயன். பாபா அணு ஆராய்ச்சி மையம் நிக்கல்–டைட்டேனியம்–இரும்புக் கலவையில் தேஜஸ் விமானக் குழாய்களுக்கான இணைப்பு வளையங்களைச் செய்தது. கடுங்குளிரில் விரித்த வளையத்தைத் திரவ நைட்ரஜனில் போட்டு வைப்பார்கள். எடுத்துக் குழாய்முனைகளில் மாட்டினால் போதும். பற்றவைப்பு வேண்டாம், நெருப்பும் வேண்டாம். அறையின் சூட்டிலேயே சுருங்கி இறுகிக்கொள்ளும். மாட்டுகிற கைதான் அதற்குள் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும்.