சிப்காட் தொழிலாளிக்கு யார் செய்தி வாசிப்பது?

"பார்வையாளர்கள் மாறிட்டாங்க" என்று டிவி சேனல்காரர்கள் சொன்னால், பெரும்பாலும் செல்போனைத்தான் சொல்கிறார்கள். அதற்கேற்ப மாறியும் விட்டார்கள். 2011-ல் புதிய தலைமுறை வந்தபோது 24 மணி நேரச் செய்தி என்பதே பெரிய விஷயம். இப்போது எல்லா சேனலும் யூடியூபில் நேரலை ஓட்டுகிறது, சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவருக்காக எழுத்து போட்டு ஒரு நிமிட வீடியோ வெட்டுகிறது.

பெரியபாளையம் பக்கம் நின்று பார்த்தால் இன்னொரு மாற்றம் தெரியும். ஆடி மாசம் பவானி அம்மன் கோவில் கூட்டத்தைக் காட்ட கேமரா வந்துவிடும். அந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களில் பீகார், ஒடிசாக்காரர்கள் நிறைய. விபத்து நடந்தால் இவர்கள் நம் செய்தியில் வருவார்கள். ஆனால் செய்தி பார்க்கிறவர்கள் என்று இவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அதன் விலை 2023 மார்ச்சில் தெரிந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று ஹிந்தியில் வீடியோக்கள் பரவின. அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு மறுத்தார்: ஒரு வீடியோ பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் போட்ட சண்டை. தமிழ் சேனல்கள் இதை விடாமல் ஒளிபரப்பின. யாருக்கு? பயந்துபோனவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஹோலிக்கு ஊருக்குக் கிளம்பிய ரயில் கூட்டம்கூட 'தப்பி ஓடுகிறார்கள்' என்று ஆகிவிட்டது. கடைசியில் அதிகாரிகளே ஹிந்தியில் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

சேனல்கள் ஏன் இவர்களைப் பார்ப்பதில்லை? மெத்தனம் என்று மட்டும் சொல்ல முடியாது. பார்க் என்ற ரேட்டிங் அமைப்பின் மீட்டர் டிவி இருக்கும் வீடுகளில்தான் மாட்டப்படுகிறது. ஒரே ரூமில் பலர் தங்கி, ஆளுக்கொரு போனில் பார்ப்பவர்கள் அதில் விழ மாட்டார்கள். ரேட்டிங்கில் இல்லாதவருக்கு விளம்பரமும் இல்லை.

சிங்கப்பூரில் வேலைக்குப் போன நம்மாட்களுக்கு டிவியில் வசந்தம், ரேடியோவில் ஒலி 968 என்று தமிழிலேயே செய்தி கிடைக்கிறது. தமிழ் அங்கே ஆட்சிமொழி, அதனால் நேரடியாக ஒப்பிட முடியாதுதான். ஆனால் 2020 கொரோனா சமயத்தில் தங்கும் விடுதிகளில் அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு அந்த அரசு வங்காள மொழியிலும் தகவல் கொடுத்தது. அது அங்கே ஆட்சிமொழி இல்லை.

யூடியூபில் தினம் ஐந்து நிமிட ஹிந்திச் செய்தி போட சாட்டிலைட் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். மொழிபெயர்க்க ஒருவர், வாசிக்க ஒருவர் போதும். வட்டாரச் செய்தி, பஸ், மழை, கூலிச் சட்டம், வதந்திக்கு மறுப்பு, இவ்வளவுதான் உள்ளடக்கம். கும்மிடிப்பூண்டி ரீசார்ஜ் கடைக்காரர் எப்போதோ ஹிந்தியில் போர்டு வைத்துவிட்டார்.