பள்ளிக்குக் கணிப்பொறி வந்தால் மட்டும் போதுமா?

ஒரு வீட்டில் தறியை நிறுத்திவிட்டால் மட்டும் துணி கிடைத்துவிடாது. பாவு வேண்டும், ஊடை வேண்டும், நெய்யத் தெரிந்த கை வேண்டும், விழுது அறுந்தால் சீர்செய்ய ஆள் வேண்டும். இதனை நம் அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் தொடக்கப் பள்ளிகளுக்குக் கணிப்பொறி வழங்கும் காரியத்தில் அரசாங்கங்களே இதனை மறந்ததுண்டு. தென் அமெரிக்காவிலுள்ள உருகுவே, பெரு என்னும் இரு நாடுகளின் அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும்.

2005ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரபோண்டே, ஏழை நாட்டுக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் 100 டாலர் விலையில் ஒரு மடிக்கணினி கிடைக்கச் செய்யலாம் என்று அறிவித்தார். பொறி உருவாகி வந்தபோது விலை ஏறக்குறைய 200 டாலரை எட்டியது. எனினும் இரு நாடுகளும் அதனைப் பெருமளவில் வாங்கின.

உருகுவே சிறிய நாடு. அது 2007ஆம் ஆண்டு மே மாதத்தில் வில்லா கார்தால் என்னும் சிற்றூரின் பள்ளியில், ஏறத்தாழ 150 குழந்தைகளுடன் வேலையைத் தொடங்கிற்று. 2009 அக்டோபருக்குள் அரசுத் தொடக்கப் பள்ளி மாணவர் சுமார் 3,62,000 பேருக்கும், ஆசிரியர் 18,000 பேருக்கும் திட்டம் எட்டியது. இதற்குக் குழந்தை ஒன்றுக்கு 260 டாலர் செலவாயிற்று. பொறியின் விலையோடு பழுது பார்த்தல், ஆசிரியர் பயிற்சி, இணையத் தொடர்பு ஆகியவையும் இத்தொகையில் அடங்கும். பின்னர்த் திட்டத்தை நடத்த ஆண்டுதோறும் குழந்தைக்கு 21 டாலர் வேண்டும் எனவும் கணக்கிட்டனர். அரசாங்கத்தை மட்டும் நம்பியிராமல், பொதுமக்களும் பல்கலைக்கழக மாணவர்களும் தொண்டர்களாக முன்வந்து பள்ளிகளுக்கு உதவினர். இது கூட்டுறவாளர் கவனிக்கத்தக்க செய்தியாகும்.

பெருவோ எட்டு லட்சத்திற்கும் மேற்பட்ட பொறிகளை வாங்கிற்று. அங்குள்ள 319 கிராமப்புறப் பள்ளிகளை அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கி ஆராய்ந்து, 2012இல் முடிவை வெளியிட்டது. பொறி பெற்ற பள்ளிகளில் மாணவர் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கணிப்பொறி இருந்தது. பிள்ளைகளின் பொதுவான சிந்தனைத் திறனில் ஓரளவு முன்னேற்றம் தென்பட்டது. ஆயின் கணக்கிலும் மொழிப் பாடத்திலும் பொறி பெறாத பள்ளிகளைவிட அவர்கள் மேம்பட்டிருக்கவில்லை. பெரும்பாலான அப்பள்ளிகளில் இணையத் தொடர்பு இல்லை. பாடத்தோடு பொறியை இணைத்து நடத்தும் முறையும் ஆசிரியருக்குக் கைவரவில்லை.

உருகுவேயிலும் பொறி கொடுத்த மாத்திரத்தில் கணக்கு மதிப்பெண் உயர்ந்துவிடவில்லை என்பதை மறைக்கலாகாது. ஆனால் அந்நாடு அத்துடன் நின்றுவிடாமல், பொறியைப் பாடத்திற்குப் பயன்படுத்தும் வழிகளைத் தேடிற்று. ஆங்கில ஆசிரியர் போதாத பள்ளிகளுக்குத் தொலைவிலுள்ள ஆசிரியர் திரையில் தோன்றிப் பாடம் நடத்துகிறார்; வகுப்பாசிரியர் உடனிருந்து பயிற்சி அளிக்கிறார். கணக்குப் பயிற்சிக்கும் தனி ஏற்பாடு செய்யப்பட்டது. குழந்தை விடை தவறினால் பொறி அப்போதே காட்டும். எந்தப் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பதை ஆசிரியரும் உடனே அறியலாம். நாற்பது சிலேட்டுகளைத் திருத்தும் நேரம் அவருக்கு மிச்சமாகிறது; அந்நேரத்தைப் பின்தங்கிய பிள்ளைக்குத் தரலாம். கணிப்பொறியின் உண்மைப் பயன் இதுவே.

சங்கங்களைப் பார்வையிடும் நாம், இருப்புப் பதிவேட்டில் பொருள் உள்ளதைக் கண்டு ஒப்பமிடுவதோடு நின்றுவிடலாகாது. அது வேலை செய்கிறதா, யாருக்குப் பயன்படுகிறது என்றும் கேட்க வேண்டும். பள்ளிக் கணிப்பொறிக்கும் இதுவே விதி.

ஆகவே, தம் ஊர்ப் பள்ளிக்குக் கணிப்பொறி வழங்க விரும்பும் சங்கம், மகாசபையில் தீர்மானம் நிறைவேற்றும் முன் நான்கு வினாக்களுக்கு விடை காண்பது நலம். மின்சாரமும் இணையத் தொடர்பும் தடையின்றிக் கிடைக்குமா? பாடத்தில் அதைப் பயன்படுத்த ஆசிரியருக்குப் பயிற்சி உண்டா? பழுதானால் யார், எத்தனை நாளில் சீர்செய்வார்? அடுத்த ஆண்டுச் செலவுக்கு நிதி எங்கே?

இவற்றுக்கு விடையில்லாமல் பத்துப் பொறி வாங்குவதைக் காட்டிலும், விடை கண்டு மூன்று பொறி வாங்கி முறை வைத்துப் பிள்ளைகளுக்கு வழங்குவதே சிறந்தது. மீதித் தொகையைப் பராமரிப்புக்கென ஒதுக்கி வைக்கலாம். தம் உழைப்பால் சேர்ந்த பணம் தம் பிள்ளைகளின் கல்வியாக மாறுகிறதா என்று ஆண்டுதோறும் கேட்கும் உரிமை ஒவ்வோர் அங்கத்தினருக்கும் உண்டு. அவ்வுரிமையை அவர்கள் தவறாது பயன்படுத்த வேண்டுகிறோம்.