வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசை: யாருக்கு, எப்போது, எவ்வளவு?

இடம்பெயர்ந்தவர்களை விடாது துரத்தும் நோய்களில் ஒன்று வயிற்றோட்டம். பரந்தன், கிளிநொச்சிப் பகுதி விவசாயக் குடும்பங்களாகிய எமக்கு இதை எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1996இல் கிளிநொச்சியை விட்டு வெளியேறினோம். 2008, 2009ஆம் ஆண்டுகளில் பரந்தன் - முல்லைத்தீவு வீதி வழியே தறப்பாளும் கையுமாக நகர்ந்து, பின் செட்டிகுளம் முகாம்களில் தங்கினோம். 2018 மார்கழி வெள்ளத்தின்போது பொது மண்டபங்களில் படுத்தெழும்பினோம். நல்ல தண்ணீரும் மலசலகூடமும் போதாத இடத்தில் இந்நோய் தானாகவே வந்து சேரும்.

பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் ஒரு குளிசைகூட எமக்கு அரும்பொருளாக இருந்தது. மிஞ்சிய மருந்தை எறியாமல் முடிந்து வைத்து, அடுத்த முறை வீட்டில் எவருக்கு வந்தாலும் கொடுக்கும் பழக்கம் எம்மில் பலரிடம் இன்றும் உண்டு. மருந்துக் கடைகளில் லொப்பரமைட் என்று கேட்டு வாங்கும் வயிற்றோட்டக் குளிசையைப் பொறுத்தவரை இப்பழக்கம் ஆபத்தானது.

குளிசை செய்வது என்ன?

இமோடியம் முதலிய பெயர்களில் வரும் இம்மருந்து குடலின் அசைவைத் தாமதப்படுத்துகிறது. அதனால் மலம் போவது குறைகிறது. ஆனால் அது கிருமியைக் கொல்வதில்லை. உடல் இழந்த நீரையும் உப்பையும் திருப்பித் தருவதுமில்லை. வயிற்றோட்டத்தில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இந்த நீரிழப்பே. வாய்க்கால் கதவைப் பாதி இறக்கிவிட்டால் வயல் நனைந்துவிடுமா? போக்கு நின்றதைப் பார்த்து நோய் மாறியது என்று நாம் இருந்துவிட, பிள்ளையின் உடல் உள்ளே வரண்டுகொண்டிருக்கும்.

சிறுவர்களுக்கு வேண்டாம்

பெரியவர்களின் குளிசையைக் காலாக முறித்துப் பிள்ளைக்குக் கொடுப்பது பெரும் தவறு. 1990ஆம் ஆண்டளவில் பாகிஸ்தானில், இம்மருந்தைத் துளிகளாகப் பெற்ற கைக்குழந்தைகள் சிலரின் குடல் அசைவற்றுப் போய், வயிறு ஊதி, அவர்களிற் சிலர் இறந்தனர். அதன்பின் உற்பத்தி நிறுவனம் அத்துளி மருந்தைச் சந்தையிலிருந்து மீட்டுக்கொண்டது. திடீர் வயிற்றோட்டத்திற்கு இவ்வகை மருந்துகளைச் சிறுவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வைத்தியர் கண்டு சொன்னாலன்றி, 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இக்குளிசை கொடுக்கலாகாது.

வளர்ந்தவர்கள் கவனிக்க வேண்டியவை

அரிவி வெட்டுக் காலத்தில் வேலையை விட முடியாதவர், வவுனியாவுக்குப் பஸ்ஸில் போக வேண்டியவர் போன்றோருக்கு இக்குளிசை உதவலாம். ஆயினும் சில கட்டுப்பாடுகள் உண்டு.

1. மலத்தில் இரத்தமோ சளியோ கண்டால், காய்ச்சல் இருந்தால், வயிறு ஊதியிருந்தால் எடுக்க வேண்டாம். கிருமி உள்ளேயே தங்கி நோய் கடுமையாகலாம்.

2. முதலில் 2 மில்லிகிராம் குளிசை இரண்டு. பின்னர் தண்ணீராய்ப் போகும் ஒவ்வொரு முறைக்கும் ஒன்று. வைத்தியரைக் கேளாமல் எடுப்பவர் 24 மணி நேரத்தில் நான்கு குளிசைக்கு மேல் எடுக்கக் கூடாது.

3. இரண்டு நாளில் குணமில்லையேல் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் செல்லுங்கள்.

4. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், இதய நோயோ ஈரல் நோயோ உள்ளவர்கள் கேளாமல் எடுக்க வேண்டாம். அளவு மிஞ்சினால் இதயத் துடிப்புக் குழம்பி உயிராபத்து நேரலாம் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2016இல் எச்சரித்தது.

உயிர் காத்த உப்பும் சீனியும்

1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து, அதாவது இன்றைய பங்களாதேசத்திலிருந்து, இலட்சக் கணக்கானோர் இந்தியாவுக்குள் ஓடி வந்தனர். மேற்கு வங்கத்தின் பொங்காவ் என்னும் எல்லை ஊரில் வாந்திபேதி பரவியது. நாளத்தில் ஏற்றும் சேலைன் போதவில்லை. அங்கு பணியாற்றிய டொக்டர் திலீப் மகலநாபிஸ், உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பெரிய பாத்திரங்களில் வைத்து, உறவினர்களே நோயாளருக்குப் பருக்கும்படி செய்தார். நூற்றுக்கு 30 அளவில் இருந்த இறப்பு, நூற்றுக்கு 4க்கும் கீழே இறங்கியது. சீனிச்சத்தோடு சேரும்போது குடல் உப்பை உறிஞ்சுகிறது. உப்போடு நீரும் இரத்தத்தில் சேருகிறது. எம்மைப் போல இடம்பெயர்ந்த மக்களிடையே மெய்ப்பிக்கப்பட்ட மருந்து இது. எமது நாட்டில் கிடைக்கும் ‘ஜீவனி’யும் அதுவே.

பொட்டலம் முழுவதையும் அதில் குறித்த அளவு கொதித்தாறிய நீரில் (வழக்கமாக ஒரு லீற்றர்) கரையுங்கள். 24 மணி நேரத்திற்குப் பின் மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள். ஜீவனி இல்லையேல், ஒரு லீற்றர் நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்புத்தூளும் போதும். கண்ணீரை விட உப்புக் கரித்தால் அதைக் கொடுக்க வேண்டாம்.

ஒவ்வொரு முறை போன பின்பும், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர், பத்து வயது வரை 100 முதல் 200 மில்லிலீற்றர், பெரியவர்களுக்கு வேண்டிய அளவு கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடருங்கள். தாய்ப்பாலையும் சோறு கஞ்சியையும் நிறுத்த வேண்டாம். சோடா கொடுப்பதைத் தவிருங்கள். சிங்க் மருந்து தரப்பட்டால், போக்கு நின்ற பின்பும் சொல்லப்பட்ட 10 முதல் 14 நாட்களும் கொடுத்து முடியுங்கள்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

கண் குழி விழுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, கிள்ளிய தோல் மெதுவாகப் பழைய நிலைக்கு வருதல், சோர்ந்து மயங்குதல், குடிக்க முடியாமை, மலத்தில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். வழியிலும் ஜீவனியைப் பருக்குங்கள்.

நோய் வராமலே காப்பது இன்னும் மேல். ஒரு காலத்தில் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையிலேயே குளோரின் உற்பத்தியானது. 1980களில் போரினால் அது நின்றது. இன்றும் வெள்ளம் வடிந்த பின் கிணற்றை இறைத்துக் குளோரின் இட வேண்டும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இதற்கு உதவி கேளுங்கள். குடிநீரைக் கொதிக்க வையுங்கள். மலசலகூடம் போய் வந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள்.

இன்றே வீட்டு மருந்துப் பையைத் திறந்து பாருங்கள். பெயரோ திகதியோ தெரியாத குளிசைகளை அகற்றுங்கள். வயிற்றோட்டக் குளிசை இருந்தால் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பையில் அதன் இடத்தில் இரண்டு பொட்டலம் ஜீவனி இருக்கட்டும்.