மாதிரி வாள்: கொங்கு நாட்டில் செய்வித்தலும் சேகரித்தலும்

பழங்காலப் போர்க்கருவி ஒன்றின் வடிவம், அளவு, எடை, செய்முறை ஆகியவற்றைப் பின்பற்றி இக்காலத்தில் புதிதாகச் செய்யப்படும் கருவி மாதிரிப் போர்க்கருவி எனப்படும். வாள், வேல், கட்டாரி, கேடயம், கவசம் ஆகியவை இவற்றுள் அதிகம் விரும்பிச் சேகரிக்கப்படுகின்றன. நாடகம், திரைப்படம், சிலம்பப் பயிற்சி, கோயில் வழிபாடு, வீட்டு அலங்காரம், வரலாற்று ஆர்வம் என இவற்றைச் செய்விப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. மாதிரியும் போலியும் ஒன்றல்ல. புதியது என்று சொல்லிச் செய்வது மாதிரி. அதையே அமிலத்தில் நனைத்துத் துருவேற்றிப் பழையது என்று விற்றால் அது போலி.

கோயம்புத்தூரைச் சுற்றியுள்ள கொங்கு நாட்டில் இதற்கு வேண்டிய பெரும்பாலானவை கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. ஊர்தோறும் கொல்லுப்பட்டறைகளும், நகரத்தில் லேத்துப் பட்டறைகளும், எஃகுக்குப் பதம் ஏற்றும் கூடங்களும் உண்டு. ஆனால் 'இதைப் போல் செய்யுங்கள்' என்று கொல்லரிடம் காட்டக்கூடிய பழைய வாள்தான் எளிதில் கிடைப்பதில்லை. இத்துறையின் முதன்மையான சிக்கலே இதுதான்.

எதைப் பார்த்துச் செய்வது?

ஐரோப்பிய இடைக்கால வாளைச் செய்விக்க விரும்புபவருக்கு வழி எளிது. ஆற்றுப்படுகைகளிலும் கல்லறைகளிலும் கிடைத்த வாள்களை அளந்து, ஆங்கிலேய ஆய்வாளர் எவர்ட் ஓக்‌ஷாட் 10 முதல் 22 வரை எண்ணிட்டு வகைப்படுத்தினார். வகையின் எண்ணைச் சொன்னாலே அலகின் நீளமும் அகலமும் நுனியின் வடிவும் செய்பவருக்குத் தெரிந்துவிடும். டேராடூனில் 1943 இல் தொடங்கப்பட்ட விண்ட்லாஸ் நிறுவனம் இவ்வகை மாதிரிகளை உலகம் முழுவதும் ஏற்றுமதி செய்கிறது. அமெரிக்க வீடுகளின் சுவர்களில் தொங்கும் 'நைட்' வாள்களில் கணிசமானவை இந்தியாவில் அடிக்கப்பட்டவை என்பது பலருக்குத் தெரியாது.

தமிழக வாள்களுக்கு அப்படி ஓர் எண்வரிசை இல்லை. ஈமச்சின்னங்களில் கிடைத்த இரும்பு வாள்கள் உண்டு. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ எடுத்த இரும்புக் கருவிகள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆனால் அவை இரும்புக் காலத்தவை. இடைக்காலத்துக்கும் அவற்றுக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உண்டு. நாயக்கர், மராத்தியர் காலத்து ஆயுதங்களுக்கும் அதே அருங்காட்சியகமே முதன்மையான இடம். தஞ்சை அரண்மனை ஆயுதக்கிடங்கில் இருந்தவற்றில் ஒரு பகுதி அங்கு வந்து சேர்ந்தது. 1855 இல் கடைசி மராத்திய அரசர் இரண்டாம் சிவாஜி இறந்த பிறகு அக்கிடங்கு கலைக்கப்பட்டது. பல கருவிகள் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாகப் போயின. இன்று ஒரு தமிழக வாளை அளந்து பார்க்க விரும்புபவர் தவிப்பதற்கு இந்த இழப்பும் ஒரு காரணம்.

எஞ்சிய தஞ்சைக் கட்டாரிகளைக் கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். கைப்பிடியும், பாம்புப் படம் போல் விரிந்த கைக்காப்பும் உள்ளூர் வேலை. அலகு பல நேரங்களில் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த வாளை வெட்டிப் பொருத்தியது. வெளிநாட்டு அலகு பொருத்திய வாளுக்கு 'பிரங்கி' என்றே பெயர் இருந்தது. ஆகவே 'முழுக்க முழுக்க நம் மண்ணின் எஃகு' என்று பிடிவாதம் பிடித்துச் செய்யப்படும் தஞ்சைக் கட்டாரி, உண்மையான கட்டாரியை விடத் தூய்மையானதாக இருக்கலாம். உண்மையானதைப் போல இருக்கும் என்று சொல்ல முடியாது.

கொங்கு நாட்டுக்குள் சான்று தேடுபவர் கல்லைத்தான் நாட வேண்டும். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் புலிக்குத்திக் கற்கள் பல உள்ளன. ஆநிரையை அல்லது ஊரைக் காக்கப் புலியோடு பொருத வீரன் அவற்றில் வாளையோ ஈட்டியையோ பாய்ச்சிய நிலையில் நிற்கிறான். பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலின் கனகசபையில் 17 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆயுதமேந்திய வீரபத்திரர் சிற்பங்கள் உள்ளன. சிற்பம் அலகின் வளைவையும் பிடியின் வடிவையும் காட்டும். எடையைக் காட்டாது, அலகின் தடிப்பையும் நம்பும்படி காட்டாது. கல் உடையாமல் இருக்கச் சிற்பி வாளைத் தடிப்பாகச் செதுக்கியிருப்பார். அதை அப்படியே இரும்பில் அடித்தால் தூக்க முடியாத ஒன்று வரும்.

கொடுமணலும் 'டமாஸ்கஸ்' வாளும்

கொங்கு எஃகின் புகழுக்கு அடிப்படை உண்டு. சென்னிமலைக்கு மேற்கே நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்களும், மூசையில் எஃகு செய்ததற்கான சான்றுகளும் கிடைத்தன. சேலம் கஞ்சமலையின் இரும்புத்தாது பிற்காலம் வரை பயன்பட்டது. பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத், தென்னிந்தியக் கொல்லர்கள் எஃகு செய்யும் முறையை 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் விவரித்திருக்கிறார். தேனிரும்புத் துண்டுகளை ஆவாரங்குச்சியோடு சிறு மண்மூசையில் இட்டு, மேலே எருக்கிலை போன்ற பச்சை இலைகளை வைத்து, களிமண்ணால் வாயடைத்து உலையில் ஊதுவார்கள். விறகிலும் இலையிலும் உள்ள கரி இரும்பில் ஏறி எஃகாகும். 'உருக்கு' என்னும் சொல்லோடு உறவுடைய கன்னட, தெலுங்கு 'உக்கு'தான் ஐரோப்பியர் வாயில் 'வூட்ஸ்' ஆயிற்று என்பர். மைக்கேல் ஃபாரடே 1819 இல் இதை ஆராய்ந்தார். 1990களில் வெர்ஹோவன் என்ற உலோகவியல் அறிஞரும் பென்ட்ரே என்ற கொல்லரும் சேர்ந்து, வனேடியம் போன்ற தனிமங்கள் மிகச் சிறிதளவு கலந்திருப்பதே அலகில் நீரோட்டம் போன்ற கோலம் தோன்றக் காரணம் என்று செய்து காட்டினர்.

இன்று சந்தையில் 'டமாஸ்கஸ்' என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் இதுவன்று. இரு வகை எஃகுப் பட்டைகளை அடுக்கி, காய்ச்சி ஒட்டி, மடித்து அடித்து, அமிலத்தில் அரித்துக் கோலம் வரவழைப்பது அது. அழகான வேலைதான், தவறில்லை. ஆனால் அதைக் கொடுமணல் எஃகு என்று சொல்லி விலையை ஏற்றுவது தவறு. மூசை எஃகு வேண்டுமென்றால் மூசையில் உருக்கித் தரக் கூடிய மிகச் சிலரிடம்தான் போக வேண்டும். அதற்கு ஆகும் செலவும் வேறு.

செய்வித்தல்

நம்மூர்க் கொல்லர்களுக்குப் பழக்கமான எஃகு பழைய லாரிப் பட்டை. சிலிக்கனும் மாங்கனீசும் கலந்த அந்த வில் எஃகில்தான் அரிவாள் அடிக்கிறார்கள். மாதிரி வாளுக்கும் அது நன்றாகவே பொருந்தும். ஐரோப்பிய மாதிரிகளைச் செய்வோரும் இதே இன எஃகையே பயன்படுத்துகின்றனர். பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கக் கூடும் என்பதால் பயிற்சிக்கு எடுக்கும் வாளுக்குப் புதிய பட்டையே நல்லது. துருப்பிடிக்காத எஃகு பளபளப்பாக இருக்கும். நீண்ட அலகில் அது ஒடியக் கூடியது, சுவரில் மாட்டத்தான் ஆகும்.

கொல்லரிடம் படத்தை மட்டும் கொடுத்தால் அவர் கை அரிவாளின் பழக்கத்துக்கே போகும்: முதுகு தடித்து, நுனி கனத்து வரும். அரிவாள் ஒரே வெட்டில் மரக்கிளையைத் துணிக்க வேண்டியது, அதற்கு அந்தக் கனம் வேண்டும். வாள் சுழற்றவும் தடுக்கவும் வேண்டியது. பிடியருகே தடித்திருக்கும் அலகு நுனியை நோக்கிச் சீராக மெலிய வேண்டும். ஒற்றைக்கை வாளின் எடை பெரும்பாலும் 1 முதல் 1.5 கிலோ வரைதான். திரைப்படத்தில் பார்த்த நினைவில் 'நாலு கிலோவாவது இருக்க வேண்டும்' என்று கேட்பவர்கள் உண்டு. அது வாளாகாது, கடப்பாரையாகும். எனவே நீளம், பிடியருகே தடிப்பு, நடுவில் தடிப்பு, நுனியருகே தடிப்பு, மொத்த எடை, சமநிலைப் புள்ளி ஆகியவற்றை எண்ணாக எழுதிக் கொடுப்பதே நல்லது. முதலில் மரத்திலோ தகட்டிலோ ஒரு வடிவம் வெட்டிக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு உலைக்குப் போனால் பணமும் உறவும் மிஞ்சும்.

கைப்பிடியில் ஒரு நுணுக்கம் உண்டு. அலகின் வால் பகுதி பிடியின் முழு நீளத்துக்கும் சென்று மறுமுனையில் தட்டி இறுக்கப்பட வேண்டும் என்று ஐரோப்பிய மாதிரிகளைப் பற்றிய கையேடுகள் வலியுறுத்தும். இந்திய வாள்களில் இரும்புப் பிடியின் உள்ளே அரக்குக் கலவையைக் காய்ச்சி ஊற்றி, குறுகிய வாலைச் செருகி நிறுத்துவதே பரவலான வழக்கம். 'வால் குட்டை, ஏமாற்று வேலை' என்று ஒரு தல்வாரைத் திருப்பி அனுப்புபவர் உண்மையில் மரபான வேலையைத்தான் திருப்பி அனுப்புகிறார். ஆனால் இப்பொருத்தம் வெயிலில் சூடேறினால் இளகக் கூடும். பயிற்சிக் கருவிக்கு ஆணியடித்த பிடியே பாதுகாப்பு.

அலகை உள்ளூர்க் கொல்லர் அடித்து, பதம் ஏற்றுவதை நகரத்துக் கூடத்தில் செய்வது கோவையில் நடைமுறைக்கு ஏற்ற வழி. வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் உலையில் பதம் ஏற்றினால் அலகு முழுவதும் ஒரே சீராக வரும். கண்ணால் நிறம் பார்த்தே பதம் சொல்லும் மூத்த கொல்லர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஓரடி அரிவாளைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. இரண்டரை அடி அலகைச் சிறிய உலையில் ஒரே சூட்டுக்குக் கொண்டுவருவது அவர்களுக்கும் கடினம்.

சட்டம்

1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வந்த விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கருவிகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டு வேலை, வேளாண்மை, தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவை இதில் சேரா. தோட்டத்து அரிவாளுக்கு உள்ள விலக்கு வாளுக்குக் கிடையாது என்பதே இதன் பொருள். எந்தப் பகுதியில் வாளை வைத்திருக்கவே உரிமம் தேவை என்பது அரசின் அறிவிக்கையைப் பொறுத்தது. விற்பனைக்காகச் செய்வதற்கும் உரிமம் பற்றிய விதிகள் உண்டு. கூர் தீட்டாதது என்பதாலேயே விலக்குக் கிடைத்துவிடாது; கூராக்க முடியாத விளையாட்டுப் பொருளாக இருக்க வேண்டும்.

இதில் முதலில் சிக்குபவர் வாங்குபவர் அல்லர், கொல்லர்தான். 2021 இல் தமிழகக் காவல்துறை, கத்தி, அரிவாள் செய்யும் பட்டறைகள் வாங்குபவரின் பெயர், முகவரி, நோக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று அறிவுறுத்தியது. வாள் அடிக்கச் சொன்னால் பல பட்டறைகள் மறுப்பதற்குக் காரணம் இதுவே. அவர்களை வற்புறுத்தாமல், முதலில் காவல் நிலையத்திலோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ விசாரித்து எழுத்தில் விவரம் பெற்றுச் செல்வதே முறை. மேடைக்கும் படப்பிடிப்புக்கும் அலுமினிய வார்ப்பு, மரம், ரப்பர் ஆகியவை போதும். கொங்கு நாட்டுக் கூத்து மேடைகளில் மரவாளை வைத்துக்கொண்டே போர்க்களத்தைக் கண்முன் நிறுத்தி வந்திருக்கிறார்கள்.

வழிபாட்டு வாள்கள் தனி. அண்ணன்மார் கோயில்களிலும் கருப்பராயன், முனியப்பன் கோயில்களிலும் வாளும் அரிவாளும் நேர்ந்து வைக்கப்படுகின்றன. கோவை ராஜவீதி இராமலிங்க சௌடேசுவரி அம்மன் கோயிலில் விசயதசமியன்று தேவாங்கர் சமூகத்தினர் 'கத்தி போடும்' வழிபாட்டைச் செய்கின்றனர். இங்கெல்லாம் தேய்ந்த வாளுக்குப் பதில் புதிய வாள் வைத்தால் அதை யாரும் மாதிரி என்று சொல்வதில்லை.

சேகரிப்பும் பராமரிப்பும்

100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கலைப்பொருள்கள் 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வருகின்றன. அவற்றை விற்க உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மாதிரியைச் செய்விப்பவர் பிடிக்குள் மறையும் வால் பகுதியில் செய்த ஆண்டையும் பட்டறையின் குறியையும் பொறிக்கச் சொல்வது இதனால் மிக உதவும். பேரப்பிள்ளை அதை 'சேரர் வாள்' என்று நம்பி விற்கப் போகும் நாளில், பிடியைக் கழற்றினால் உண்மை தெரியும்.

எந்தச் சிற்பத்தை அல்லது எந்த அருங்காட்சியகக் கருவியைப் பார்த்துச் செய்தது, எது சான்றின்படி, எது ஊகம் என்று ஒரு தாளில் எழுதி வாளோடு வைப்பது சேகரிப்பாளரிடையே நல்ல வழக்கம். வாளைத் தோல் உறைக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் வைக்கக் கூடாது; பதனிட்ட தோலில் உள்ள ஈரமும் உப்பும் அலகை அரிக்கும். கையால் தொட்ட இடத்தை உடனே துணியால் துடைத்து, மெல்லிய கனிம எண்ணெய் பூச வேண்டும். தேங்காய் எண்ணெய் பூசினால் சில மாதங்களில் பிசுக்காகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.