தோசைக்கல்லுக்குத் தனி அடுப்பா, அடுப்பின்மேல் தட்டா?

அளவெட்டி என்ற பெயரைக் கேட்டவுடன் நாதசுவரமும் தவிலும் பலருக்கு நினைவில் எழும். சென்ற ஒரு மாதமாக எங்கள் வீட்டில் எழுந்த ஓசையோ வேறு. கனடாவில் வாழும் எங்கள் இளையவன், ஆவணி மாதத்திலே மனைவி மக்களுடன் வந்து மூன்று கிழமை நிற்கப்போவதாக அறிவித்திருந்தான். அந்நாள்களில் வீட்டிலே பதினான்கு பேர் இருப்போம். ஆளுக்கு நான்கு தோசை என்றால் ஐம்பத்தாறு. காஸ் அடுப்பிலே ஒரு கல்லை வைத்து, ஒன்றுக்கு இரண்டு நிமிடமாகச் சுட்டால், முதல் தோசைக்கும் கடைசித் தோசைக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் செல்லும். சுடுபவர் எவரோ அவர் எல்லாரும் எழுந்த பின்னர் தனியே அமர்ந்து உண்பார். இதுகாறும் அவ்வாறு உண்டவர் எங்கள் தாயார்.

அவருக்கு இப்போது வயது எழுபத்திரண்டு. விறகுப் புகையிலே கழித்த ஆண்டுகளின் பயனாக இருமலும் இழுப்பும் அவரை விடாது பற்றியிருக்கின்றன. புகைக்கு அருகே செல்லலாகாது என்று வைத்தியர் கூறிவிட்டார். ஆகவே, ஒரே வேளையில் மூன்று தோசை வார்க்கத்தக்க பெரிய கல் ஒன்று வேண்டும் என்பதில் வீட்டிலே கருத்து வேறுபாடு இல்லை. அதனை எங்கே வைப்பது என்பதிலேதான் வழக்கு மூண்டது. காஸ் அடுப்பின் இரண்டு வாய்களையும் சேர்த்து மூடும் நீண்ட தட்டு ஒன்று வாங்கினாற் போதும் என்றார் எங்கள் இல்லத்தரசியார். வளவிலே தனியடுப்புக் கட்டவேண்டும் என்பது இளையவன் கட்சி.

இளையவன் அங்ஙனம் கூறியதற்குக் காரணம் உண்டு. கனடாவிலே வீட்டின் பின்முற்றத்தில் இறைச்சியும் சோளமும் வாட்டுவதற்குக் கம்பித்தட்டு அடுப்பு வைத்திருப்பது வழக்கம். கம்பிகளின் இடையே தோசைமா ஒழுகிவிடும் அன்றோ? அதற்காக அக்கம்பிகளின்மேல் இடத்தக்க இரும்புத்தட்டு விற்கிறார்கள். தன் அடுப்பின் வாய் முழுவதையும் மூடும் அளவிலே ஒன்றை வாங்கினான் இளையவன். முதல் நாள் தோசை நன்றாகவே வந்ததாம். இரண்டாம் நாள் முன்புறத்துத் திருகு குமிழ்கள் இளகிச் சாய்ந்தன. மேலே செல்ல வழியில்லாத வெப்பம் கீழேயும் முன்னேயும் பாய்ந்தது, வேறொன்றும் இல்லை. இத்தகைய தட்டை இடுவோர் சுற்றிலும் காற்றுப்போக இடைவெளி விடவேண்டும். அடுப்பின் வாய் முழுவதையும் மூடலாகாது. தனித்த கல்லடுப்பிலோ எரிவாய்கள் கல்லின் அளவுக்கே அமைக்கப்பட்டு, வெப்பம் வெளியேற வழியும் விடப்பட்டிருக்கும்.

எங்கள் குசினியில் இடவிருந்த நீண்ட தட்டுக்கும் இதே நியாயம் பொருந்தும். இரண்டு வாய்களை மூடிய தட்டின் கீழே தேங்கும் வெப்பம் குமிழ்களையும் இறப்பர்க் குழாயையும் தாக்கும். அக்குழாயின் மறுநுனியில் இருப்பது சிலிண்டர். 2021ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் இலங்கையின் பல ஊர்களிலும் காஸ் அடுப்புகள் வெடித்ததும், அதனை ஆராய ஜனாதிபதி ஒரு குழுவை நியமித்ததும் வாசகர்கள் மறந்திரார். அன்று கலவையைப் பற்றியே பேச்சு எழுந்தது. எனினும், சமையற்காஸ் காற்றிலும் கனமானது, கசிந்தால் நிலத்தோடு படிந்து கிடக்கும் என்பதை மாணவர்கள் என்றும் நினைவில் வைத்தல் நலம்.

இனி, கல்லைப் பற்றிச் சிறிது. இரும்புக்கல் எங்கும் ஒரே சீராகச் சூடேறும் என்று பலர் நம்புகின்றனர். உண்மை அதற்கு மாறானது. அலுமினியம் வெப்பத்தைப் பரப்பும் வேகத்தில் வார்ப்பிரும்பு ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். காஸ் வாயின் வளையத்துக்கு நேர்மேலே கல் கொதிக்கும். விளிம்போ சோம்பிக் கிடக்கும். நடுவிலே கருகியும் ஓரத்திலே வெளுத்தும் தோசை வருவது இதனாலேயே. இரும்பின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. தடித்த கல் ஒருமுறை சூடேறினால், குளிர்ந்த மாவை வார்த்தவுடன் சோர்ந்துவிடாது. மெல்லிய தட்டு முதல் வார்ப்பிலேயே சோர்ந்து, அடுத்த தோசையை ஒட்டிக்கொள்ளும். ஆதலின் பெரிய கல்லுக்குப் பரந்த தணல் வேண்டும். விறகடுப்பிலே தணலைக் கோலால் இழுத்து ஓரத்துக்கும் தள்ளலாம். காஸ் வாயை இழுக்க முடியாது.

நீர் தெளித்துப் பார்க்கும் வழக்கத்திலும் ஒரு பௌதிகம் உண்டு. துளி சீறி உடனே மறைந்தால் கல் பதம். துளி முத்தாக உருண்டு ஓடினால் கல் மிகையாகக் காய்ந்துவிட்டது. துளிக்கு அடியில் ஆவிப்படலம் தோன்றி அதனைத் தாங்குகிறது. இதனை விரிவாக எழுதிய லைடன்புரொஸ்டு என்ற ஜெர்மானிய வைத்தியரின் நூல் 1756இல் வெளிவந்தது. எங்கள் பாட்டிமார் அந்நூலைக் காணாமலே, அந்நிலையில் மாவை வார்த்தால் அது பரவாமல் அகப்பையோடு சுருண்டு வரும் என்று அறிந்திருந்தனர்.

அடுப்பின்மேல் இடும் தட்டுக்கும் ஒரு நன்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். தட்டை எடுத்துவிட்டால் கீழே கம்பி இருக்கிறது. கத்தரிக்காய் சுட்டுச் சம்பல் அரைக்க வேண்டுமாயின் நேர்த்தீ வேண்டும்; எவ்வளவு உயர்ந்த கல்லிலும் அந்த மணம் பிறவாது. ஆகவே நாம் கட்டத் தொடங்கிய அடுப்பின்மேல், பழைய கட்டட வேலையில் எஞ்சிய தடித்த இரும்புக் கம்பிகளைப் பதித்துக் கல்லை அவற்றின்மேல் வைத்தோம். தோசை முடிந்தபின் கல்லை அகற்றினால் அதுவே கம்பித்தட்டு. இளையவனும் இல்லத்தரசியாரும் ஒருவாறு வென்றனர்.

விறகுக்கு எங்கள் வளவிலே குறையில்லை. கங்குமட்டை, சிரட்டை, ஊமல் யாவும் கிடக்கின்றன. 2021 ஒக்ரோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரல் இறுதியிலே கொழும்பு விலைப்படி 4,860 ரூபாவாயிற்று. விலை கொடுத்தாலும் கிடைக்காத நாள்கள் பல. அந்நாள்களில் வெளியடுப்பு உள்ள வீடுகளிலே உலை ஏறியது. எமக்கோ அதற்கு முந்திய நினைவும் உண்டு. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் பெயர்ந்தபோது எமக்கு வயது பதினைந்து. சைக்கிளின் பின்னே அம்மா கட்டியவற்றுள் தோசைக்கல்லும் ஒன்று. இந்தப் பாரம் எதற்கு என்று சினந்தோம். தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழ் மூன்று கல் கூட்டி அதனை வைத்தபோது எமது சினம் எங்கே போயிற்றோ அறியோம்.

ஆயினும் விறகைப் புகழ்ந்துவிட்டுப் புகையை மறைத்தல் அறமன்று. வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகிலே ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. குளிருக்கோ மழைக்கோ அஞ்சிக் கரியடுப்பை அடைத்த அறைக்குள் கொண்டுபோவது இன்னும் கொடிது. அதன் நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வெளியிலும் காற்றின் திசை பார்க்கவேண்டும். ஆவணியில் சோழகம் தென்மேற்கிலிருந்து வீசும். எனவே அடுப்பை வீட்டுக்கு வடகிழக்கே அமைத்து, காற்று வரும் பக்கம் அரையாள் உயரச் சுவர் எழுப்பினோம். சுவர் இல்லையேல் சுவாலையைக் காற்றுத் தின்றுவிடும். மாரி வந்தால் கல்லைத் துடைத்து எண்ணெய் பூசி உள்ளே எடுக்கவேண்டும். மறந்தால் இரண்டு நாளில் துரு ஏறும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். மூத்தவன் தணலைத் தள்ள, கத்தரிக்காய்க் காம்பில் நல்லெண்ணெய் தொட்டுக் கல்லில் தேய்த்து, தட்டகப்பையும் கையுமாக நின்றவர் நாமே. முதல் மூன்றும் தேசப்படம் போல வந்தன. நான்காம் முறை வட்டம் கிடைத்தது. புகை படாத மேற்காற்றுப் பக்கத்தில் வாங்கிலே அமர்ந்திருந்த அம்மாவுக்கு அதனைச் சுடச்சுடக் கொண்டுபோய்க் கொடுத்தோம். சம்பலைத் தொட்டுக்கொண்டு ஒரு துண்டு உண்டவர், சற்று யோசித்து, "தம்பி, உப்புக் கொஞ்சம் குறைவு. மற்றதையும் கொண்டு வா" என்றார்.